ஊதா நகர்ந்த வீடு

மிரட்டல் எதுவும் வரவில்லை என்பதுதான் ஆசிரியருக்கு விழுந்த முதல் அடி.

எந்தக் கட்சியையும் சாராத, எவருக்கும் அஞ்சாத இதழ் என்று அட்டையிலேயே போட்டுக்கொள்பவர் அவர். நகராட்சித் தேர்தலில் எல்லாக் கட்சிகளும் சாதி பார்த்துத்தான் ஆள் நிறுத்துகின்றன என்று இந்த முறை பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார். நடுப்பக்கத்தில் வட்டாரத்தின் வரைபடம். தெருத்தெருவாக, வீடு வீடாக, எந்த வீட்டில் எந்தச் சாதி என்று நான்கு நிறத்தில். ஒரு கட்சி அலுவலகத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்ததை எப்படியோ தேற்றிக்கொண்டு வந்து, 'பாருங்கள், இவர்கள் கண்ணுக்கு நாம் இப்படித்தான் தெரிகிறோம்' என்று போட்டது. ஊர் கொதிக்கும், ஜன்னலில் கல் விழும் என்று எதிர்பார்த்தார். 'மிரட்டல்களுக்கு அஞ்சோம்' என்று அடுத்த இதழுக்குத் தலையங்கம்கூட முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார். இதழை அச்சடிக்கும் பிரஸ்காரரின் மகள் அதைக் கம்ப்யூட்டரில் அடித்து, பிழை பார்த்து, சுற்றிலும் கோடு போட்டுப் பெட்டி கட்டித் தயாராக வைத்திருந்தாள். மிரட்டல்தான் பாக்கி.

வந்ததெல்லாம் பாராட்டு. அதுவும் அச்சகத்துக்கு வந்தது. இதழுக்கென்று தனி அலுவலகம் கிடையாது. பிரஸ்காரரின் முகவரியைத்தான் போடுவார்கள்.

பிரஸ்காரரின் வீட்டில் முன்பாதி அச்சகம், பின்பாதி குடும்பம், நடுவில் ஒரு துணித் திரை. திரைக்கு இந்தப் பக்கம் மையும் மண்ணெண்ணெயும் மணக்கும். அந்தப் பக்கம் வெங்காயம் வதங்கும். மெஷின் ஓடினால் அடுக்களையில் டம்ளர் நடுங்கும். ஒரு நேரத்தில் ஒரு நிறம் மட்டும் அடிக்கிற பழைய மெஷின். நாலு நிறம் வேண்டுமென்றால் ஒரே தாளை நாலு தரம் உள்ளே விட வேண்டும். நாலு தரமும் தாள் அதே இடத்தில் போய் உட்கார வேண்டும். மயிரிழை நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு மூக்கில் ஏறிவிடும்.

எந்தச் சாதிக்கு எந்த நிறம் தருவது என்று ஆசிரியர் ஒரு பகல் முழுக்கத் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். சிவப்பு கூடாது, அரசியலாகிவிடும். நீலம் கூடாது, அதுவும் அரசியல். பிரஸ்காரர் டப்பாக்களின் மூடியைக் கத்தியால் நெம்பிப் பார்த்துவிட்டு வந்தார். காலண்டர் வேலையில் மிஞ்சிய பச்சை, பழுப்பு, ஊதா. அடிடப்பாவில் கொஞ்சம் மஞ்சள்.

"இருக்கிறது இதுதாங்க. யாருக்கு எதுன்னு நீங்களே பிரிச்சுக் குடுங்க," என்றார்.

அப்படித்தான் அந்த வட்டாரத்துச் சமூகங்களுக்கு நிறம் கிடைத்தது.

கடிதங்கள் வந்த அன்றைக்கும் மழை. மூன்று வாரமாக விட்டுவிட்டுப் பெய்து, சுவரெல்லாம் ஓதம் பூத்திருந்தது. மகள் வாசகர் கடிதங்களைப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிரஸ்காரர் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தரையில் சாக்கை விரித்து, காலை நீட்டிப் போட்டு, வேறெதோ நோட்டீசுகளை மடித்துக்கொண்டிருந்தாள் மடிப்புக்காரம்மா. கையில் ஒரு மூங்கில் பட்டை. அதால் ஓர் இழுப்பு இழுத்தால் தாள் இஸ்திரி போட்டது போலப் படியும். மகள் தவழ்கிற காலத்திலிருந்து அங்கே மடிக்கிறாள். பிரஸ்காரரை 'அண்ணே' என்பாள். மகள் அவளை 'அத்தை' என்பாள். வீடு அச்சகத்துக்கு நேர் பின்னால்தான். அவள் வீட்டில் இருமினால் இவர்கள் அடுக்களையில் கேட்கும். ஒரே பின்சுவர். ஆனால் வந்து போக ஒரு தெருவைச் சுற்ற வேண்டும்.

"'உங்கள் துணிச்சலுக்குத் தலை வணங்குகிறேன்,'" என்று வாசித்தாள் மகள். "'ஆனால் எங்கள் சமூகத்துக்குப் பழுப்பு நிறம் தந்தது ஏன்? எங்களை மண்ணோடு மண்ணாக்கும் உள்நோக்கமா?'"

"டப்பாவுல அதுதாம்மா இருந்துச்சு," என்றார் பிரஸ்காரர்.

"அப்படியே பதில் போட்டுடவா சார்?"

"போட்டுடாதே. இதழுக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு," என்றார் ஆசிரியர்.

"எங்களுக்குக் கத்திரிக்காய் கலரு," என்றாள் மடிப்புக்காரம்மா. "வாடினாலும் கலர் போகாது. நல்லாருக்குன்னு எங்க ஆளுங்க யாராச்சும் எழுதியிருக்காங்களா பாரு."

"இல்ல அத்தை. இன்னும் வரல."

"எழுத மாட்டானுங்க. கலர் குடுத்ததே பெருசுன்னு இருப்பானுங்க."

அடுத்தது ஒரு கல்யாணத் தரகர். வீடு வீடாக ஏறி ஜாடைமாடையாகக் கேட்கிற வேலை மிச்சமாகிவிட்டது, மேற்கு வட்டாரத்துக்கும் இதே போல் போட்டால் ஆயுள் சந்தா கட்டத் தயார் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், மூலை வீட்டைப் பச்சைக்காரர் விற்றுவிட்டுப் போய் வருஷமாகிறது, தகவலைச் சரிபார்த்து வெளியிடுவது பத்திரிகை தர்மம் என்று கண்டித்திருந்தார். வீடு வாடகைக்கு விடும் ஒருவர், மாதாமாதம் புதுப்பித்துப் போட முடியுமா என்று கேட்டிருந்தார்.

ஆசிரியர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நான் கண்ணாடியைக் காட்டினேன்யா. இவனுங்க அதுல தலை சீவிக்கிறானுங்க."

உண்மையில் அதைவிட மோசம். சாதி கேட்பது நாகரிகமில்லை என்று இத்தனை நாள் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் ஒரு கண்ணியமான சொல் கிடைத்துவிட்டது. டீக்கடையில், "அவரு நம்ம மஞ்சளா?" என்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் இரண்டு தாய்மார்கள், "நீங்க பச்சையாங்க? பாத்தா தெரியவே இல்ல!" என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கிறார்கள். யாருக்கும் முகம் சிவக்கவில்லை. கலர்தானே.

மகள் அடுத்த கடிதத்தைப் பிரித்தாள். ஒரு வரி வாசித்தவள் நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

"வாசி. கல்லு விழுந்தாலும் நம்ம ஜன்னல்லதானே விழணும்," என்றார் பிரஸ்காரர், சிரித்துக்கொண்டு.

அவள் மெதுவாக வாசித்தாள். "'மஞ்சளை மட்டும் கண்ணுக்கே தெரியாமல் மங்கலாக அச்சிட்டிருப்பது தற்செயலா? இதழை அச்சிடுபவரே ஊதாக்காரர் என்பதை வரைபடமே சொல்கிறதே. பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது.'"

"யாரு ஊதா? நானா?"

பிரஸ்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, லென்சை எடுத்து, நடுப்பக்கத்தை விரித்தார். ஊதாதான் கடைசியாக ஓடிய நிறம். அன்றைக்குத்தான் மழை பிடித்துக்கொண்டு அடித்தது. ஈரம் குடித்த தாள் விரியும். விரிந்த தாள் பிடித்த இடத்தில் நிற்காது. அது அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனாலும் மெஷினை ஓட விட்டிருந்தார். பின்தெருவின் ஊதா, பின்சுவரைத் தாண்டி, ஒரு நூல் அளவு இந்தப் பக்கம் ஏறியிருந்தது. அந்த ஒரு நூலுக்குள் மூன்று கட்டடம். ஒன்று வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிற வீடு. இன்னொன்று சிமெண்டுக் கிடங்கு. மூட்டைகள் ஆட்சேபிக்கப் போவதில்லை. மூன்றாவது அவர் வீடு. அடியில் அடித்த மஞ்சள் நீர்த்துப் போய்க் கிடந்ததால் அதன் மேல் ஊதா தகதகவென்று இருந்தது.

"அட, நம்ம தெருவுக்கு வந்துட்டீங்களாண்ணே!" என்று தலையை நீட்டிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தாள் மடிப்புக்காரம்மா. "சுவரை இடிச்சுட்டா சுத்தி வர வேலை மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரஸ்காரரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் லென்சைக் கீழே வைக்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "சம்பந்தி வீட்டுக்கும் இந்தப் புத்தகம் போகுமாங்க?"

போகும். சம்பந்தியாகப் போகிற பேராசிரியர் அந்த இதழின் முதல் நாளிலிருந்து சந்தாதாரர். வாசகர் கூட்டங்களில் சாதி ஒழிப்பைப் பற்றி, மைக்கை வாங்கிய பிறகு திருப்பித் தராமல் பேசுகிறவர். அவர் மகனுக்கும் இவர் மகளுக்கும் கல்யாணம் பேசி, நாள் குறித்து, பத்திரிகை அடிப்பதற்கு நல்ல அட்டைகூட வாங்கி வைத்தாயிற்று.

மறுநாள் குடை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் பேராசிரியர் இல்லை. வெள்ளைச் சட்டை, பின்னால் இரண்டு ஆள். ஊதாக்காரர்கள் சங்கத்தின் வட்டச் செயலாளர். வந்த வேகத்தில் பிரஸ்காரரின் மை படிந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே! நம்ம ஆளு ஒருத்தர் சொந்தமா மெஷின் வச்சு ஓட்டுறாருன்னு இத்தனை வருஷமா எங்களுக்குத் தெரியாமப் போச்சே! மறைச்சுட்டீங்களேண்ணே!"

"ஐயையோ! நாங்க அந்த ஆளுங்க இல்லீங்க!"

வாயிலிருந்து வந்துவிட்டது. மெஷின் ஓடாத நேரம். கூரையில் மழைச் சத்தம்கூட அப்போது பார்த்து அடங்கியிருந்தது. சாக்கின் மேல் மூங்கில் பட்டை தாளை இழுக்கிற ஓசை பாதி இழுப்பில் நின்றது.

வட்டச் செயலாளர் கையை விடவில்லை. கனிவோடு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயப்படாதீங்கண்ணே. நானும் வேலைக்குப் போன புதுசுல இப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். போகப் போகச் சரியாயிடும். உங்களுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைக்கிறோம். நோட்டீசு நீங்களே அடிச்சிருங்க."

அவர்கள் போன பிறகு பட்டை மறுபடி இழுபட ஆரம்பித்தது. ஆனால் பேச்சு வரவில்லை. மடிப்புக்காரம்மா வாய் ஓயாமல் பேசுகிறவள். கை எத்தனை மடிப்பு மடிக்கிறதோ வாய் அதற்கு ஈடாக ஊர்க்கதை மடிக்கும். அவள் பேசவில்லை என்றால் அந்த அறையில் ஏதோ ஒரு மெஷின் பழுதானது மாதிரி இருக்கும்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று பிரஸ்காரருக்குத் தெரிந்தது.

"டீ சொல்லவாம்மா?"

"வேணாம்ணே. இப்பதான் குடிச்சேன்."

அவள் குடிக்கவில்லை. காலையிலிருந்து அவர் கண் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

பேராசிரியர் அதற்கு அடுத்த நாள், மடிப்புக்காரம்மா வீட்டுக்குப் போன பிறகு வந்தார். தோளில் பை, பைக்குள் அந்த இதழ். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அவர் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, ஊதி, துடைத்து, போட்டுக்கொண்டார். மேடையிலும் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

"நான் சாதி பாக்குறவன் இல்ல. அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சம்பந்தி."

"என் மனைவியும் பாக்குறவ இல்ல."

"தெரியுங்க."

"என் தம்பிதான் கொஞ்சம் அப்படி இப்படி. அவனை நான் மதிக்கிறதே இல்ல."

"சரிங்க."

"அவன் கேக்குறான்."

பிரஸ்காரர் மழையைச் சொன்னார். ஈரத்தைச் சொன்னார். தாள் எப்படி விரியும், பிடி எப்படி நழுவும் என்று ஒரு தாளை நனைத்தே காட்டினார். பேராசிரியர் வகுப்பில் நல்ல மாணவனைப் பார்ப்பது போலத் தலையாட்டினார்.

"மழைன்னு எனக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியுது. என் தம்பி அப்படிச் சொல்ல மாட்டேங்கறானே. அன்னிக்குப் பேசி முடிக்க வந்தப்ப, உங்க பொண்ணு இங்க மடிக்கிற அந்த அம்மாவை அத்தைன்னு கூப்பிட்டுச்சாம். அத்தைன்னா யாரு? அப்பாவோட கூடப் பிறந்தவ. அந்த அம்மா உங்களை அண்ணேங்குது. படத்துலயும் ரெண்டு வீடும் ஒரே கலரு. கூட்டிக் கழிச்சுப் பாருங்க, அவன் கணக்குச் சரியா வருதா இல்லையா?"

"அது சும்மா கூப்பிடுறதுங்க. முறையா?"

"எனக்குத் தெரியாதா? நான் மேடைக்கு மேடை 'என் உடன்பிறப்புகளே'ன்னுதானே ஆரம்பிக்கிறேன். எவனாவது வந்து பாகம் கேட்டானா? ஆனா ஊர் வாயை மூடணுமே. பெருசா ஒண்ணும் வேண்டாம். அடுத்த இதழ்ல ஒரு சின்னத் திருத்தம். துண்டுச்சீட்டா அடிச்சு உள்ள வச்சிருங்க. சொந்தக்காரங்களுக்குக் குடுக்க எனக்குக் கொஞ்சம் தனியா வேணும். அதோட இந்த அத்தை, மாமா எல்லாம் கல்யாணம் முடியிற வரைக்கும்... கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

திரைக்குப் பின்னாலிருந்து டம்ளர்களோடு வந்த பிரஸ்காரரின் மனைவி, "அதுக்கென்னங்க, போட்டுடலாம்," என்றாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

மகள் கம்ப்யூட்டர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "மாமா, இதை உங்க மகன் சொன்னாரா, நீங்க சொல்றீங்களா?"

"அவன் என்னம்மா சொல்லப் போறான். நான் சொன்னா கேட்டுக்குவான்."

அவள் மறுபடி எழுத்தடிக்க ஆரம்பித்தாள்.

ஒரு வாரம் கழித்து அடுத்த இதழ் வேலை தொடங்கியதும், திருத்தத்தை ஆசிரியர்தான் எழுதிக் கொடுத்தார். அவருக்கு அதில் தயக்கமே இல்லை. தவறான தகவலைத் திருத்துவதற்கும் சாதிக்கும் சம்பந்தமில்லை, உண்மை வேறு விஷயம் என்று பிரஸ்காரருக்கு விளக்கினார். எழுத்தைக் கண்டால் சும்மா இருக்க முடியாதவர். ஒரு வரியில் முடிகிறதை நாலு வரியாக்கினார். மகள் அதை அடித்துக் கொடுத்தாள். பிரஸ்காரர் மெஷினில் ஏற்றினார். கறுப்பு ஒன்றே நிறம். நகர்வதற்கு எதுவும் இல்லை. தாள் தாளாக வந்து விழுந்தது. மகள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, கட்டி, சாக்கின் பக்கத்தில் வைத்தாள்.

மடிப்புக்காரம்மா வந்தாள். நனைந்த குடையை மூலையில் சாத்தினாள். உட்கார்ந்தாள். ஒரு சீட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதை அவர் பக்கம் நீட்டினாள்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. இதைக் கொஞ்சம் வாசிங்கண்ணே."

கண்ணாடியை அவள் தலையில்தான் ஏற்றி விட்டிருந்தாள். அதை அவர் பார்த்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

பிரஸ்காரர் வாசித்தார். "'திருத்தம். சென்ற இதழின் நடுப்பக்க வரைபடத்தில், அச்சகத்தாரின் வீடு மஞ்சளுக்குப் பதிலாக ஊதா நிறத்தில் அமைந்துவிட்டது. வருந்தத்தக்க இந்தப் பிழையால்...'"

"உம். பிழையால?"

"'பிழையால் அக்குடும்பத்தாருக்கு ஏற்பட்ட...'" அவர் நிறுத்தினார்.

"மை சரியா விழலையாண்ணே?"

"'ஏற்பட்ட மன உளைச்சலுக்கும், மதிப்புக் குறைவுக்கும் மன்னிப்புக் கோருகிறோம்.'"

"அப்படியா?" என்றாள். "எத்தனை நாளு உளைச்சல்ணே? ஒரு பத்து நாளு இருக்குமா?"

"அது அவரு எழுதினதும்மா. ஆசிரியரு. அவருக்கு எதையும் நீட்டி..."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன் இந்தப் பத்து நாளா. அண்ணிக்கு அடுப்புல வச்சது இறங்க மாட்டேங்குது. நீங்க மெஷினை மூணு தரம் துடைச்சுட்டு நாலாவது தரம் துடைக்கிறீங்க. எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கு. சரி, என்னமோ பெரிய கஷ்டம்னு நானும் சத்தம் போடாம மடிச்சேன். என்ன கஷ்டம்? என்னை மாதிரி ஆளுன்னு ஊரு நினைச்சுக்கிச்சு. அதானே? நான் பொறந்ததுலேருந்து என்னை மாதிரிதாண்ணே இருக்கேன். எனக்கு ஒருத்தனும் வருத்தம் தெரிவிக்கல."

"உன்னைச் சொல்லலம்மா. நீ எங்க வீட்டு ஆளு மாதிரி."

"மாதிரி," என்றாள். "அன்னிக்கு அந்தச் சங்கத்துக்காரன் கையைப் பிடிச்சப்ப ஒரு ஐயையோ போட்டீங்களே. பாம்பை மிதிச்சவன்கூட அப்படிக் கத்த மாட்டான். அதுக்கும் ஒரு திருத்தம் இதுலேயே சேத்துப் போட்டிருக்கலாம். இடம் இருக்கு பாருங்க, அடியில."

மூங்கில் பட்டையை முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். சாக்கைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டாள்.

"இதையெல்லாம் மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களை வச்சு மடிச்சுக்குங்க. ஒரு மடிப்புதானே. சுலபம்."

அவள் போன பிறகு பிரஸ்காரர் மகளுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த மதிப்புக் குறைவை எடுத்துடு."

எடுத்தாள்.

"மன உளைச்சலையும் எடு."

எடுத்தாள். "மன்னிப்புக் கோருகிறோம் மட்டும் தனியா நிக்குதுப்பா. எதுக்குன்னு தெரியாம."

"அதையும் எடு. 'வருந்தத்தக்க'ங்கறதையும் எடு. 'ஊதா இல்ல, மஞ்சள்'னு மட்டும் வையி."

வைத்தாள். இருவரும் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்கள். அவ்வளவு சுருக்கமாகப் போனதும் அது இன்னும் பச்சையாக இருந்தது. ஆசிரியரின் அலங்காரமெல்லாம் அதன் மேல் போர்த்தியிருந்த துணி என்று இப்போதுதான் தெரிந்தது.

"இது அச்சுக்குப் போகணும்னா சொல்லுங்க, இப்படியே விட்டுடறேன்," என்றாள் மகள். அவர் விரலில் இருந்த மையைச் சுரண்டினார். அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மழைச்சாரலில் நின்று மாப்பிள்ளையோடு பேசினாள். இங்கே கேட்டது அவள் பக்கத்துப் பேச்சு மட்டும்தான்.

"இல்ல, உங்களைத்தான் கேக்குறேன்... மாமாவை இல்ல... சரி, நாளைக்கே வேற எவனாவது வேற கலரைத் தூக்கி எங்க மேல ஊத்தினா?... அப்பாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா? எதை? நீங்க என்ன நினைக்கிறீங்கங்கறதையா?"

உள்ளே வந்தாள். கட்டி வைத்திருந்த சீட்டுகளை எடுத்துக் கழிவுத்தாள் பெட்டியில் போட்டாள். மனைவி திரையைப் பிடித்துக்கொண்டு, "என்னடி பண்ற? நாள் குறிச்சாச்சுடி!" என்றாள். "என்னங்க, நீங்களாவது சொல்லுங்களேன்!"

பிரஸ்காரர் பெட்டியைப் பார்த்தார். குனிந்து எடுத்தால் எடுத்துவிடலாம். மகளுக்குக் கல்யாணம் நடக்கும். மடிக்க வேறு ஆள் கிடைக்கும். மழையும் ஒரு நாள் விடும். அவர் கை நீளத்தான் செய்தது. நீண்ட கை பக்கத்திலிருந்த அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டது. மெஷினைத் துடைக்கப் போனார். அதுதான் அவர் சொன்ன பதில்.

மாலையில் பேராசிரியர் சீட்டு வாங்க வந்தார். மகளே வாசலில் நின்று சொன்னாள்.

"திருத்தம் வராது மாமா."

"மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லாருக்கு."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார், ஊதினார், துடைத்தார். "கொள்கை அளவுல இதை நான் வரவேற்கிறேம்மா. ரொம்பப் பெருமையா இருக்கு. அடுத்த கூட்டத்துல உன்னைப் பத்தியே பேசப் போறேன். ஆனா சம்பந்தம்ங்கறது கொள்கை இல்ல பாரு. அதுல என் தம்பி இருக்கான்." குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து விஷயம் காதில் விழுந்ததும் ஆசிரியர் ஓடி வந்தார். கண் பளபளத்தது. "ஒரு சீட்டுக்காக நின்ற கல்யாணம்! அட்டைப்படமே போடுறேன்யா. நீ, உன் பொண்ணு, அந்த அம்மா, மூணு பேரும் மெஷின் பக்கத்துல நிக்கிற மாதிரி. உள்ள பத்துப் பக்கம். வாசகர்கள் ஆடிப் போயிடுவாங்க. அந்த அம்மா எங்க, கூப்பிடு!"

"வேலைக்கு வர்றதில்லீங்க."

"வர்றதில்லையா? ஏன்?"

பிரஸ்காரர் அவரைப் பார்த்தார். இவ்வளவு எழுதுகிற மனிதருக்கு இதை எந்தப் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்குவது என்று தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"கூட வாயேம்மா," என்று மகளைக் கூப்பிட்டார்.

"நீங்களே போங்கப்பா," என்றாள் அவள்.

மழை விட்டிருந்தது. தெருமுனையில் திரும்பி, கிடங்கைச் சுற்றி, பின்தெருவுக்குள் நுழைந்தார். வீடு வீடாக அந்தத் தெருவை அச்சடித்தவர் அவர். எந்த வீடு எந்த நிறம் என்று கேட்டால் சொல்லிவிடுவார். ஆனால் எல்லா வாசலும் ஒன்று போல இருந்தது. பின்சுவரை மட்டுமே தெரிந்தவருக்கு முன்வாசல் எது என்று தெரியவில்லை. ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டு ஸ்பேனரால் முடுக்கிக்கொண்டிருந்த ஒருவனிடம் கேட்டார்.

"பேப்பர் மடிக்கிற அம்மா வீடு எது தம்பி?"

"எதுக்கு? ஓட்டுக் கேக்கவா?"

"இல்லப்பா."

"அப்ப எதுக்கு?"

அவர் பதில் தேடுவதைப் பார்த்துவிட்டு, அவன் ஸ்பேனரால் ஒரு வாசலைக் காட்டினான்.

அந்தச் சில வீடுகளைக் கடப்பதற்குள் அவர் மனதுக்குள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக்கொண்டார். கல்யாணமே நின்றுவிட்டது என்பதை முதலில் சொல்லக் கூடாது. பேச்சோடு பேச்சாக, பெரிசுபடுத்தாமல், கடைசியில் சொல்ல வேண்டும். அவள் பதறிப் போவாள். 'என்னாண்ணே, எனக்காகவா?' என்பாள். கண் கலங்கினாலும் கலங்கும். 'விடும்மா' என்று சொல்லிவிட வேண்டும். நினைக்க நினைக்க அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதே கை, அதே இழுப்பு. நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

பிரஸ்காரர் சிரித்தார். "நான்தாம்மா," என்றார். நிலைக்கு வெளியே இடது கால் செருப்பைக் கழற்றினார். வலது காலைத் தூக்கினார்.

"செருப்பை எதுக்குக் கழட்டுறீங்க?" என்றாள் அவள், துணியிலிருந்து கையை எடுக்காமல். "உள்ள வாங்கன்னு நான் சொல்லலையே."